இங்கிலாந்து மணிக்கூண்டுகள்: கதவு திறந்திருந்தால் ஊர் வரும்

லண்டனுக்குப் போகிறவர்கள் பிக் பென்னை அண்ணாந்து பார்த்து, நான்கு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அந்த மணியை யாரும் கயிறு பிடித்து அடிப்பதில்லை, சுத்தியல் தட்டுகிறது. மனிதர்கள் அடிக்கும் மணிகளைக் கேட்க வேண்டுமானால் ஊர் சர்ச்சுகளுக்குத்தான் போக வேண்டும். அதற்கு நுழைவுக் கட்டணமும் இல்லை. இங்கிலாந்தில் கழிப்பறைக்கே காசு கேட்கும் இடங்கள் உண்டு என்பதை நினைத்தால், இது பெரிய விஷயம்.

செலவுக் கணக்கை முதலில் சொல்லிவிடலாம் என்று பார்த்தால், மணி எப்படிச் சுழல்கிறது என்று சொல்லாமல் எதுவும் புரியாது. நம் ஊர்க் கோயில் மணி அசையும், அவ்வளவுதான். இங்கே மணியை ஒரு முழுச் சக்கரத்தோடு பிணைத்து, வாய் மேலே பார்க்கும்படி தலைகீழாக நிறுத்திவைக்கிறார்கள். கயிற்றை இழுத்தால் மணி முழு வட்டம் சுற்றி மறுபடி வாய் மேலே வந்து நிற்கும். அடுத்த இழுப்பில் எதிர்த்திசையில் ஒரு வட்டம். கயிற்றில் கம்பளி நூல் சுற்றிய தடித்த பகுதிக்குச் சாலி என்று பெயர். அதைப் பிடித்து இழுப்பது ஹேண்ட்ஸ்ட்ரோக், கயிற்றின் நுனியைப் பிடித்து இழுப்பது பேக்ஸ்ட்ரோக். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய இரண்டு விநாடி ஆகும், அதைப் பெரிதாகக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. அதனால் பாட்டு வாசிக்க வழியில்லை. பதிலுக்கு மணிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒலிக்கும் வரிசையை மாற்றிக்கொண்டே போகிறார்கள், ஒரு வரிசை இரண்டாம் முறை வரக்கூடாது. 6 மணிகளுக்கு 720 வரிசைகள், 7 மணிகளுக்கு 5,040. அந்த 5,040ஐ அடித்து முடிக்க மூன்று மணி நேரம் போல ஆகும். எந்தத் தாளையும் பார்க்காமல், முழுக்க மனப்பாடமாக!

இதற்காகவே போக வேண்டிய முதல் ஊர் லஃப்பரோ. லண்டன் செயிண்ட் பாங்க்ரஸிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் ரயிலில் போய்விடலாம், ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரத்தில் ஜான் டெய்லர் மணி வார்ப்படச்சாலை. லண்டனின் ஒயிட்சேப்பல் வார்ப்படச்சாலை 2017இல் மூடிய பிறகு, பெரிய மணி வார்க்கும் பழைய ஆலை என்று இங்கிலாந்தில் இதுதான் மிச்சம். செம்பு 77 பங்கு, வெள்ளீயம் 23 பங்கு. அச்சு மண்ணில் களிமண்ணோடு ஆட்டு மயிரும் குதிரைச் சாணமும் கலக்கிறார்கள். உலோகம் ஊற்றும்போது அவை எரிந்து நுண்துளை விடுவதால் ஆவி வெளியேறுகிறது, வார்ப்பு வெடிக்காது. லண்டன் செயிண்ட் பால் தேவாலயத்தின் 16 டன்னுக்கு மேல் எடையுள்ள ‘கிரேட் பால்’ மணி 1881இல் இங்கே வார்த்ததுதான். 8 மணிகளின் 40,320 வரிசைகளையும் எட்டுப் பேர் ஆள் மாற்றாமல் 1963இல் இங்கேதான் அடித்து முடித்தார்கள். கிட்டத்தட்ட 18 மணி நேரம்! ஊர்ப் பூங்காவில் 47 மணிகள் கொண்ட கேரில்லான் கோபுரமும் இருக்கிறது, அது விசைப்பலகையால் பாட்டு வாசிக்கும் வேறு சாதி. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது நாரிச். செயிண்ட் பீட்டர் மான்க்ராஃப்ட் சர்ச்சில் 1715 மே 2ஆம் தேதி 5,040 வரிசைகளைப் பிழையின்றி முதல்முறையாக அடித்தார்கள். இப்போது அதே கோபுரத்தில் பயிற்சிக்கென்றே தனி மணிகளைக் கணினியோடு இணைத்து ஒரு மையம் வைத்திருக்கிறார்கள். ஊர் மக்களை இழுக்க வேண்டுமென்றால் இப்படிச் செய்ய வேண்டும். சர்ச்சுக்கு எதிரிலேயே நாரிச் சந்தை. அங்கே சுடச்சுட சிப்ஸும் பட்டாணி மசியலும் வாங்கி, மேலே வினிகர் தெளித்து, நின்றுகொண்டே சாப்பிடுங்கள். மேசைபோட்டுப் பரிமாறும் உணவகங்களில் கேட்கும் விலைக்கு இந்தச் சந்தையில் இரண்டு பேர் வயிறு நிரம்பும். மிளகாய்ப்பொடி மட்டும் நாமே கொண்டுபோக வேண்டும்.

சரி, இந்தக் கோபுரங்களில் மணியடிக்கப் புது ஆள் சேர்க்கும் விஷயம். பெரும்பாலான கோபுரங்கள் சர்ச் வாசலில் “மணியடிக்க வாருங்கள்” என்று ஒரு நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் பூட்டிய கதவுக்குப் பின்னால் அடித்துக்கொண்டிருக்கின்றன. யார் வருவார்கள்? முதல் உலகப் போரில் இறந்த சுமார் 1,400 மணியடிப்போரின் இடத்தை நிரப்ப 2018இல் ‘ரிங்கிங் ரிமெம்பர்ஸ்’ என்று அழைத்தபோது இலக்கைத் தாண்டி ஆட்கள் சேர்ந்தார்கள். 2023இல் முடிசூட்டு விழாவுக்காகவும் அப்படியொரு அழைப்பு விடுத்தார்கள். காரணமும் தேதியும் சொல்லிக் கூப்பிட்டால் ஜனங்கள் வருகிறார்கள்.

வந்த பிறகுதான் சிக்கல். கயிற்றைத் தனியாகக் கையாளக் கற்க ஒருவருக்குப் பத்துப் பதினைந்து மணி நேரம் வேண்டும், பக்கத்தில் ஒரு ஆசிரியர் நின்றே ஆக வேண்டும். முதலில் மாணவர் பேக்ஸ்ட்ரோக் மட்டும் இழுப்பார், சாலி ஆசிரியர் கையில். பிறகு மாற்றி ஹேண்ட்ஸ்ட்ரோக் மட்டும். இரண்டும் படிந்த பின்தான் சேர்த்துக் கொடுப்பார்கள். கோபுரத்தை எல்லோருக்கும் திறந்துவிடும் நாளில் பன்னிரண்டு பேர் பெயர் கொடுத்து, ஆசிரியர் ஒரே ஆளாக இருந்தால், ஒரு மாலையில் இரண்டு பேருக்குமேல் கயிறு கிடைக்காது. மூன்றாம் வாரமும் பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தவர் நான்காம் வாரம் வரமாட்டார். ஆகவே முதலில் ஆசிரியர்களைத் தயார் செய்ய வேண்டும், நோட்டீஸ் அதற்குப் பிறகு. வாரம் ஒரு மணி நேரம் என்று இழுக்காமல், ஒரே வாரத்தில் தினமும் சொல்லிக்கொடுத்தால் கை சீக்கிரம் பழகிவிடும். பள்ளிப் பிள்ளைகளுக்கு டியூக் ஆஃப் எடின்பரோ விருதுத் திட்டத்தில் இது ஒரு திறனாகக் கணக்கில் வரும். அதைச் சொன்னால் பெற்றோரே கூட்டிக்கொண்டு வருவார்கள்.

திருவிழா மைதானத்துக்குக் கொண்டுபோகும் சின்ன மணித்தொகுதிகளும் உண்டு. சார்ம்பரோ ரிங், லிச்ஃபீல்டு மொபைல் பெல்ஃப்ரி இரண்டும் பெயர் பெற்றவை. கூட்டம் சேர்க்க இதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் எடை குறைந்த மணி படபடவென்று சுழலும். அதை இழுத்த கையோடு ஒருவரைக் கோபுரத்துப் பெரிய மணியில் நிறுத்தினால் ஆபத்து.

என்ன ஆபத்து? ஹேண்ட்ஸ்ட்ரோக்கில் சாலியை விட மறந்தால் அது ஆளையும் சேர்த்து மேலே தூக்கும். பலமாக இழுத்துவிட்டால் மணி எல்லை தாண்டி, அதோடு பிணைத்த ‘ஸ்டே’ என்ற மரத்துண்டை முறிக்கும். மணிச்சட்டம் சேதமாகாமலிருக்க, முறிய வேண்டும் என்றே வைத்த ஆஷ் மரக்கட்டை அது. முறிந்த சத்தம் கேட்டதும் கயிற்றை உடனே விட்டுவிட வேண்டும், ஏனென்றால் மணி நிற்காமல் சுற்றிக் கயிற்றை மேலே இழுத்துக்கொண்டே போகும். பார்க்க வந்தவர்களும் இரண்டு பாதங்களையும் தரையில் வைத்து உட்கார வேண்டும், எந்தக் கயிற்றையும் தொடக்கூடாது. துப்பட்டா, சால்வை, நீளமான முந்தானை எல்லாவற்றையும் கழற்றி வைக்கவோ இறுகச் செருகவோ வேண்டும். படிக்கட்டு சுழல் கல்படி, செருப்பு வேண்டாம், ஷூ போட்டு ஏறுங்கள்.

அக்கம்பக்கத்தார் புகார் இன்னொரு தலைவலி. வரும் புகார்களை உற்றுப் பார்த்தால், எப்போது முடியும் என்று தெரியாத எரிச்சல்தான் அதிகம். பீல் (மூன்று மணி நேரம் போல நீளும் அந்த முழு அடிப்பு) அடிக்கும் நாளில் தொடக்க நேரமும் முடிவு நேரமும் எழுதிய பலகையை வாசலில் வைத்தால் பாதி அடங்கும். பயிற்சி மாலைகளில் கோபுரச் சாளரத்தை உள்ளிருந்து மரக்கதவால் மூடலாம். அல்லது மணியின் நாக்கைக் கட்டிவிட்டு, சக்கரத்தில் சென்சார் பொருத்தி, ஒலியை மடிக்கணினி வழியாக உள்ளறையில் மட்டும் கேட்கலாம். ஒன்றாம் வகுப்புப் பிழைகளை ஊர் முழுக்கக் கேட்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் ஞாயிறு காலையிலும் மரக்கதவை மூடியே வைத்திருக்கும் கோபுரங்கள் ஆள் வரவில்லை என்று புலம்புவதில் அர்த்தமே இல்லை.

இனி செலவு. எந்தக் கோபுரத்தில் எத்தனை மணி, என்ன எடை என்பதை ‘டவ்ஸ் கைடு’ பட்டியலில் பார்த்துக்கொள்ளலாம். பயிற்சி பொதுவாக வாரநாள் மாலை ஏழரையிலிருந்து ஒன்பது வரை. முன்கூட்டி எழுதிக் கேட்டால் பெரும்பாலும் வரச் சொல்வார்கள், பல இடங்களில் யாரும் மதம் கேட்பதில்லை. முடிந்ததும் கும்பலாக பப்புக்குப் போவார்கள், உங்களையும் அழைப்பார்கள். எலுமிச்சை சோடாவே போதும். ரயில் டிக்கெட்டைப் பல வாரம் முன்பே எடுங்கள், அன்றைக்கே எடுத்தால் விலை கண்ணைக் கட்டும். கிராமங்களில் ஒன்பது மணிக்குமேல் பஸ் இருக்காது, ஞாயிறு அன்று பல ஊர்களில் பஸ்ஸே கிடையாது. டாக்சியை முன்பே பதிவு செய்து, போக எவ்வளவு, திரும்ப எவ்வளவு என்று இரண்டையும் பேசிவையுங்கள். திரும்பும் வழியில் பேரம் பேச அங்கே இன்னொரு வண்டி நிற்காது.