கோயிந்த்வால் சாஹிப்: 84 படிகள் இறங்கும் திருத்தலம்

பஞ்சாபுக்கு யாத்திரை செல்லும் நம்மவர்களில் பெரும்பாலோர் அமிர்தசரஸ் பொற்கோயிலைத் தரிசித்ததும் ஊர் திரும்பிவிடுகிறார்கள். பொற்கோயிலைக் கண்ட கண்ணுக்கு வேறெதுவும் தேவைப்படாது என்பது உண்மைதான். ஆயினும் உயர்ந்தோர், தாழ்ந்தோர் என்ற பேதமின்றி ஒரே வரிசையில் அமர்ந்து உண்பதும், ஒரே தீர்த்தத்தில் அனைவரும் நீராடுவதும் சீக்கியரின் உறுதியான வழக்கங்களாக வேரூன்றிய இடத்தைக் காண வேண்டுமானால், தரன் தாரன் மாவட்டத்தில் பியாஸ் நதிக்கரையில் உள்ள கோயிந்த்வாலுக்குத்தான் செல்ல வேண்டும்.

அதற்கு முன்னதாக, சுமார் 9 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கடூர் சாஹிபைத் தரிசிப்பது நல்லது. சீக்கியரின் இரண்டாம் குருவான அங்கத் தேவ் 1539 முதல் 1552 வரை குருவாக வாழ்ந்த ஊர் இது. அவருடைய துணைவியார் மாதா கீவி இங்கே நடத்திய அன்னதானத்தையும், அதில் நெய் சேர்த்துப் பரிமாறப்பட்ட பாயசத்தையும் சீக்கியரின் புனித நூலான குரு கிரந்த சாஹிபே போற்றுகிறது. கோயிந்த்வாலின் கதை தொடங்குவதும் இந்த ஊரில்தான்.

1479-இல் பாசர்கே கிராமத்தில் பிறந்த அமர் தாஸ், பின்னாளில் மூன்றாம் குருவானவர், முதலில் திருமாலை வழிபட்டவர். ஆண்டுதோறும் ஹரித்வார் சென்று கங்கையில் நீராடி வந்தவர். அறுபது வயதைத் தாண்டிய அவருடைய காதில், தம்பி மகனின் மனைவி பீபி அம்ரோ ஒரு விடியற்காலையில் பாடிக்கொண்டிருந்த குரு நானக்கின் பாடல் விழுந்தது. அந்த அம்ரோவின் தந்தையே குரு அங்கத். அவரைத் தேடி வந்த அமர் தாஸ், அப்படியே அவருக்குத் தொண்டராகிவிட்டார். குருவோ அவரைவிட 25 வயது இளையவர். உறவு முறையில் சம்பந்தி வீட்டார். பெண் கொடுத்தவர் வீட்டு வாசலில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் குடம் சுமந்து நிற்பதை அன்றைய ஊரார் எப்படிப் பேசியிருப்பார்கள் என்பதை நம்மால் ஊகிக்க முடியும். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் வைகறைக்கு முன்பே எழுந்து, குருவின் நீராட்டுக்காகப் பியாஸ் நதியிலிருந்து தண்ணீர் சுமந்து வந்தார்.

மழை பெய்த ஓர் இருட்டு வேளையில், நெசவாளி ஒருவரின் வீட்டருகே தறிக்காக அடித்திருந்த முளையில் அவர் கால் இடறியது. சத்தம் கேட்டு விழித்த நெசவாளிக்கு, 'போக்கிடமற்ற அந்த அமருவாகத்தான் இருக்கும்' என்று மனைவி பதில் சொன்னாள். செய்தி குருவை எட்டியபோது, இவர் போக்கிடமற்றோருக்குப் புகலிடமாவார் என்று வாழ்த்தித் தமக்கு அடுத்த குருவாக அமர்த்தினார் என்பது மரபு. அப்போது அமர் தாஸுக்கு வயது 73. அவர் இடறி விழுந்த இடத்தில் இன்று ஒரு குருத்வாரா இருக்கிறது. அரியணைகளையும் போர்க்களங்களையும் நினைவில் வைக்கும் உலகத்தில், ஒரு முதியவர் தண்ணீர்க் குடத்தோடு தடுமாறிய இடத்துக்கும் ஒரு வழிபாட்டுத் தலம் எழுப்பியிருக்கிறார்களே என்று எண்ணியபோது, அங்கிருந்து கிளம்பவே எனக்கு மனம் வரவில்லை.

குரு பதவி ஏற்ற அமர் தாஸ் கோயிந்த்வாலில் தங்கினார். இங்கு 1559-இல் அவர் தொடங்கிய பாவோலி என்னும் படிக்கிணறுதான் தலத்தின் உயிர்நாடி. காலணிகளை ஒப்படைத்து, கால்களைக் கழுவி, தலையைத் துணியால் மூடிக்கொண்டு, ஓவியங்கள் நிறைந்த நுழைவாயிலைக் கடந்தால் படிகள் கீழ்நோக்கி இறங்குகின்றன. மொத்தம் 84 படிகள். உயிர் எண்பத்து நான்கு லட்சம் பிறவிகளில் சுழல்கிறது என்ற நம்பிக்கை நமக்கும் புதிதன்று. ஒவ்வொரு படியிலும் குரு நானக் அருளிய ஜப்ஜி சாஹிப் என்னும் துதியை ஓதி, ஒவ்வொரு முறையும் நீராடி, 84 படிகளையும் நிறைவு செய்பவர் பிறவிச் சுழலிலிருந்து விடுபடுவார் என்று அடியார்கள் நம்புகிறார்கள். ஒரு முறை நிதானமாக ஓதவே இருபது நிமிடங்களுக்கு மேல் ஆகும் என்பதால், முழுமையாகச் செய்து முடிக்க ஒரு பகலும் ஓர் இரவும் போதாது. நான் படிகளில் இறங்கி, நீரைத் தொட்டுத் தலையில் தெளித்துக்கொண்டு, ஓரமாக நின்று பார்த்தேன். ஈர ஆடையோடு மேலேறி, அடுத்த படியில் அமர்ந்து மீண்டும் ஓதத் தொடங்கிய மூதாட்டி ஒருவரின் முகத்தில் களைப்பின் சுவடே இல்லை.

கங்கை நீராட்டை விட்டு வந்த குரு, தாமே ஏன் ஒரு தீர்த்தம் அமைக்க வேண்டும் என்ற கேள்வி எனக்குள் எழுந்தது. அடியார் கூட்டம் ஒன்றுகூட ஓர் இடம் தேவைப்பட்டிருக்கலாம். வைசாகி என்னும் அறுவடைத் திருநாளில் சீக்கியர்கள் திரளும் வழக்கத்தை இவ்வூரில் ஏற்படுத்தியவர் அவரே. ஆனால் அதைவிட முக்கியமாக எனக்குப் படுவது, எந்தச் சாதியாரும் எந்தச் சமயத்தாரும் இறங்கி நீர் மொள்ளக்கூடிய கிணறாக இது அமைந்தது என்பதே. கிணற்றின் பெயரால் எத்தனை பேர் விலக்கி வைக்கப்பட்டார்கள் என்பதை அறிந்தவர்களுக்கு இதன் பெருமை விளங்கும்.

'முதலில் பங்கத், பின்னர் சங்கத்', அதாவது முதலில் பந்தி, பின்னர் சபை என்பதும் இங்கே உறுதிப்பட்ட நெறிதான். லங்கர் என்னும் பொது அன்னதானப் பந்தியில் எல்லோருடனும் சமமாக அமர்ந்து உண்ட பிறகே குருவைக் காண முடியும். பேரரசர் அக்பரும் அவ்வாறே தரையில் அமர்ந்து உண்டார் என்றும், லங்கருக்காக அவர் அளிக்க முன்வந்த மானியத்தைக் குரு ஏற்கவில்லை என்றும் மரபு சொல்கிறது. முக்காடிட்டுப் பெண்கள் தம் சபைக்கு வருவதைக் குரு விரும்பவில்லை. உடன்கட்டை ஏறுவதைத் தம் பாடல்களில் மறுத்தார்.

கிணறு வெட்டியபோது மண் சுமந்தவர்களில் ஒருவர், லாகூரில் பிறந்து, சிறு வயதில் பெற்றோரை இழந்து, அவித்த கடலை விற்றுப் பிழைத்த ஜேட்டா. குருவின் மகள் பீபி பானியை மணந்த பிறகும் அவர் கூடையை இறக்கி வைக்கவில்லை. நம் நாவுக்கரசரின் உழவாரப் பணியை நினைவூட்டும் இந்தத் தொண்டுதான் அவரை 1574-இல் நான்காம் குருவான ராம் தாஸாக உயர்த்தியது. குரு அமர் தாஸ் வாழ்ந்த சௌபாரா என்னும் இல்லமும் இங்கே போற்றப்படுகிறது. ஜேட்டா, பானி தம்பதியரின் மகனாக 1563-இல் இவ்வூரில் பிறந்த அர்ஜன், ஐந்தாம் குருவாகி, குரு கிரந்த சாஹிபின் முதல் வடிவமான ஆதி கிரந்தத்தைத் தொகுத்தவர்.

இந்தத் தலத்தில் என் நெஞ்சில் மிக ஆழமாகப் பதிந்தது வேறொரு நிகழ்வு. குரு பதவி தமக்குக் கிடைக்கவில்லை என்ற ஆத்திரத்தில், அங்கத் தேவின் மகன் தாத்து இங்கு வந்து, சபை நடுவே முதியவரான அமர் தாஸை உதைத்துத் தள்ளினார். விழுந்தவரோ எழுந்து தாத்துவின் பாதத்தைப் பற்றி, தம் முதிய எலும்புகள் கடினமானவை, அவை அந்தக் காலை நோகச் செய்திருக்குமே என்று வருந்தினாராம். பதிலடியும் இல்லை, சாபமும் இல்லை. அமைதியாகப் பாசர்கே சென்று தனித்திருந்த அவரை, மூத்த அடியாரான பாபா புட்டாவின் தலைமையில் அடியார்கள் தேடிச் சென்று அழைத்து வந்தார்கள்.

1574-இல் குரு அமர் தாஸ் இவ்வூரிலேயே மறைந்தார். தமக்காக ஒருவரும் அழக்கூடாது என்று அவர் கூறிச் சென்றதை, அவருடைய கொள்ளுப் பேரன் சுந்தர் இயற்றிய பாடலில் இன்றும் காணலாம். அவர் அருளிய 40 பத்திகளைக் கொண்ட ஆனந்த் சாஹிப் என்னும் பாடலின் பகுதிகள், திருமணமானாலும் மரணமானாலும் சீக்கியச் சடங்குகளின் நிறைவில் ஓதப்படுகின்றன. செப்டம்பர் வாக்கில், பாதோன் மாதப் பௌர்ணமியை ஒட்டி, அவருடைய நினைவு நாள் விழாவுக்குப் பெருங்கூட்டம் திரள்கிறது. படிகளில் அமர்ந்து நிதானமாக ஓத விரும்புவோர் அந்த நாள்களைத் தவிர்த்து, குளிர்காலத்தில் ஒரு சாதாரண நாளாகப் பார்த்து, மாற்று உடையோடு செல்லலாம்.