பூட்டிய வீடு

நகர்ப்புற வறுமை ஒழிப்புத் திட்டங்கள் பல, பணம் ஒதுக்குவதற்கு முன்பே கணக்கெடுப்பில் கோட்டை விட்டுவிடுகின்றன. அலுவலக நேரத்தில் கணக்கெடுக்கப் போனால் கூலி வேலைக்குப் போனவர்களின் வீடு பூட்டியிருக்கும். படிவத்தில் 'பூட்டிய வீடு' என்று எழுதிவிட்டு அடுத்த கதவைத் தட்டுவார்கள். ஒரு நாள் கூலியைக்கூட விட முடியாத குடும்பம் இப்படித்தான் விடுபடுகிறது.

ஆகவே கணக்கெடுப்பு மாலையிலோ விடுமுறை நாளிலோ நடக்க வேண்டும், அந்தத் தெருக்காரர்கள் இருவராவது உடன் போக வேண்டும். எண்ண வேண்டியது கூரைகளை அல்ல, அடுப்புகளை. ஒரே கூரையின் கீழ் மூன்று குடும்பங்கள் வாடகைக்கு இருந்தால் மூன்று பதிவுகள் வேண்டும். வரப்போகும் கணக்கெடுப்பைப் பற்றி முன்கூட்டியே செய்தி கசிந்தால், வீட்டுக்காரர்கள் வாடகைதாரர்களை வெளியேற்றிவிட்டு எல்லா அறைகளையும் தங்கள் பெயரில் எழுதிக்கொள்வார்கள். அதனால் தகுதிக்கான கடைசித் தேதி, அதாவது யார் அங்கே குடியிருக்கிறார் என்று பார்க்கும் நாள், கணக்கெடுப்பு தொடங்கும் நாளாகவே இருப்பது நல்லது. வரைவுப் பட்டியலைத் தெருவிலேயே ஒட்டி, ஆட்சேபம் சொல்ல இரண்டு வாரமாவது தர வேண்டும். இணையத்தில் மட்டும் வெளியிடுவது கண்துடைப்பு.

அடுத்த கேள்வி, மக்களை அங்கேயே வைத்திருப்பதா, ஊருக்கு வெளியே கொண்டுபோவதா என்பது. அடுக்குமாடி கட்டிக் கொடுத்துக் கணக்கை முடிக்க அதிகாரிகளுக்குப் பிடிக்கும், திறப்பு விழாவும் நடத்தலாம். ஆனால் வீட்டு வேலை, சில்லறை வியாபாரம், கட்டட வேலை எல்லாம் பழைய இடத்தைச் சுற்றித்தான் இருக்கும். பேருந்துக் கட்டணமும் போகவர ஆகும் நேரமும் கூலியைத் தின்னும். தரைத்தளத்தில் தையல் மெஷின் போட்டுப் பிழைத்தவருக்கு நான்காம் மாடியில் வாடிக்கையாளர் வரமாட்டார். வெள்ளம் புகும் இடம், சரியும் மலைச்சரிவு போன்ற இடங்களைத் தவிர, இருக்கும் இடத்திலேயே மேம்படுத்துவதுதான் சரி.

அதற்கு பாகிஸ்தானின் கராச்சியில் உள்ள ஒராங்கி என்ற ஏழைக் குடியிருப்பில் 1980-இல் சமூகச் செயல்பாட்டாளர் அக்தர் ஹமீத் கான் தொடங்கிய கழிவுநீர் முயற்சி இன்றும் நல்ல பாடம். 20, 30 வீடுகள் கொண்ட ஒரு சந்துதான் அங்கே அலகு. சந்துக்காரர்கள் தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுத்துப் பணம் திரட்டி, வீட்டுக் கழிப்பறையையும் சந்துக் குழாயையும் தாங்களே அமைத்தார்கள். அளவெடுப்பு, மதிப்பீடு, கருவி ஆகியவற்றைத் திட்டம் தந்தது. பெரிய கழிவுநீர்க் கால்வாயும் சுத்திகரிப்பும் அரசின் பொறுப்பு. இந்தப் பிரிவினை முக்கியம்: அந்தப் பெரிய கால்வாய் இல்லாமல் சந்துக் குழாய் மட்டும் போட்டால், பக்கத்துத் தெருவின் பள்ளத்தில் சாக்கடை தேங்கும். குழாய்க்குச் சரிவு போதாவிட்டாலும், கான்கிரீட்டுக்கு நாள்கணக்கில் தண்ணீர் ஊற்றாவிட்டாலும் சீக்கிரமே அடைப்பும் விரிசலும் வரும்.

தண்ணீர்க் கட்டணத்தில் யாரும் கவனிக்காத ஓர் ஓட்டை உண்டு. அதிகம் பயன்படுத்துபவர் யூனிட்டுக்கு அதிகம் கட்ட வேண்டும் என்ற படிநிலைக் கட்டணம் ஏழைக்கு நல்லது போலத் தெரியும். ஐந்து குடும்பங்கள் ஒரே மீட்டரைப் பகிர்ந்தால், அந்த மீட்டர் மேல்படிக்கு ஏறிவிடும்; ஆளுக்குக் குறைவாகப் புழங்குபவர்கள் அதிக விலை கொடுப்பார்கள். மீட்டருக்கு எத்தனை குடும்பம் என்று பார்த்துப் படியை விரிவாக்கினால் தீரும். நில உரிமைப் பத்திரம் இருந்தால்தான் இணைப்பு என்ற விதியையும் எடுத்துவிட வேண்டும். குடியிருப்புச் சான்று போதும்.

போக்குவரத்திலும் இதே மாதிரிதான். வண்டி மாறும்போதெல்லாம் புதுச்சீட்டு என்றால், தொலைவில் இருப்பவரே அதிகம் கொடுக்கிறார். கொலம்பியாவின் மெதெயினில் 2004-இல் மலைக் குடியிருப்புகளுக்குக் கம்பிவட ஊர்தி விட்டபோது, அதை மெட்ரோவோடு கட்டணத்திலும் இணைத்தார்கள். ஊர்தியைப் பார்க்கப் போகும் குழுக்கள் இந்தச் சீட்டு விஷயத்தைப் பெரும்பாலும் எழுதிக்கொண்டு வருவதில்லை.

பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரி நகரம் 1989-இல் தொடங்கிய பங்கேற்பு வரவு செலவுத் திட்டம், அதாவது நகராட்சிப் பணத்தில் ஒரு பகுதியை எதற்குச் செலவழிப்பது என்று மக்களே கூட்டம் கூடி முடிவு செய்வது, பல ஊர்களில் நகலெடுக்கப்பட்டது. வேலை நேரத்தில் கூட்டம் வைத்து, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடும் இல்லாவிட்டால், வருபவர்கள் கடைக்காரர்களும் ஓய்வுபெற்றவர்களுமாகவே இருப்பார்கள்.

மேம்பாடு முடிந்த பிறகுதான் கடைசிச் சிக்கல் வரும்: சாலையும் குழாயும் வந்ததும் வாடகை ஏறும், முதலில் எண்ணப்பட்ட வாடகைதாரர்களே வெளியேறுவார்கள். தாய்லாந்தின் பான் மன்கோங் என்ற ஏழைகளுக்கான வீட்டுத் திட்டத்தில், 2003 முதல், கடன் தனி ஆளுக்குப் போகாமல் சேமிப்புக் குழுவின் கூட்டுறவு வழியாகப் போனது. நிலமும் கூட்டாகவே இருக்கும். தனித்தனியாக விற்பது கடினம். அது முடியாத இடத்தில், மேம்பாட்டு நிதி பெறும் வீட்டுக்காரரோடு வாடகை உயர்வுக்கு வரம்பு வைத்து எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் போடலாம். பணம் கைமாறிய பிறகு அந்தக் கையெழுத்து கிடைக்காது, அதற்கு முன்பே வாங்கிவிட வேண்டும்.