தெற்கு பார்த்து வைத்த பானை

நாங்கள் நார்வேயின் ட்ரோம்சோவுக்கு வந்த முதல் வருடப் பொங்கலில், பால் பொங்கி வழிந்த அதே நொடியில் அடுப்பு அணைந்துவிட்டது. இண்டக்‌ஷன் அடுப்பு. கண்ணாடியில் இருக்கும் தொடு பொத்தான்கள் மேல் பால் பட்டதும் கீ கீ என்று கத்திவிட்டு நின்றுபோனது. ஏதாவது சிந்தினால் தானாக அணைய வேண்டும் என்றுதான் அதைச் செய்திருக்கிறார்கள். பாதுகாப்புக்காகத்தான், தெரியும். ஆனாலும் எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. ஊரில் பால் பொங்கும்போது இன்னும் இரண்டு ஓலையை உள்ளே தள்ளுவார்கள். குலவைச் சத்தம் ஓயும் முன்னால் தீ ஓய்வதை ஆச்சி பொறுக்கவே மாட்டாள். துணியால் துடைத்து, பொத்தானை மறுபடி அழுத்தி, ஒருவழியாகப் பொங்கலை முடித்தேன். சாப்பிட நன்றாகவே இருந்தது. ராத்திரி தூக்கம்தான் வரவில்லை.

எனக்கு அம்பாசமுத்திரம் பக்கம், தாமிரபரணிக் கரை ஊர். தை முதல் நாள் விடியற்காலை நாலரைக்கே வாசல் தெளித்துப் பெரிய கோலம் விழுந்துவிடும். கோலத்தின் நடுவே சுண்ணாம்பு பூசிக் காவிப் பட்டை இழுத்த அடுப்புக்கட்டிகள், அவற்றின் மேல் மஞ்சள்குலை கட்டிய வெண்கலப் பானை. எரிப்பதற்குக் காய்ந்த பனை ஓலை. அரிசி களைந்த தண்ணீரையும் பாலையும் ஊற்றி வைத்தால், கிழக்கு வெளுத்து வரும் நேரத்துக்குச் சரியாக நுரை கட்டி எழும்பும். ஆச்சி, அம்மா, சித்தி மூன்று பேரும் குலவை போடுவார்கள். அதற்குப் பிறகுதான் பானையில் அரிசி விழும். அன்று முழுக்கத் தெருவில் யாரைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான்: “பால் பொங்கிட்டா?” “பொங்கிட்டு” என்று சொல்லும்போது முகத்தில் தானாக ஒரு சிரிப்பு வரும்.

இப்போது நான் இருக்கும் ஊர் நார்வேயில், ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கே சுமார் 350 கிலோமீட்டரில் இருக்கிறது. அவருக்குப் பல்கலைக்கழகத்தில் வேலை. நான் ஒரு முதியோர் இல்லத்தின் சமையற்கட்டில் வாரம் மூன்று நாள் போகிறேன். நவம்பர் 27 வாக்கில் சூரியன் கீழே இறங்கினால் ஜனவரி 15 வரை அடிவானத்துக்கு மேலே வராது. முழு இருட்டு என்று நினைத்துவிடாதீர்கள். மத்தியானம் சில மணி நேரம் நீல வெளிச்சம் இருக்கும், பனியும் அதைத் திருப்பிக் காட்டும். ஜனவரி 15-க்குப் பிறகும் தெற்கே இருக்கும் மலைகள் சூரியனை மறைத்துக்கொள்கின்றன. அதனால் ஊர்க்காரர்கள் 21-ஆம் தேதியைத்தான் சூரியன் திரும்பி வரும் நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

சூரியனுக்கு நன்றி சொல்லும் பண்டிகை, சூரியன் இல்லாத ஊர். பானையை எப்போது வைப்பது?

இரண்டாவது வருடம் ஊர் நேரப்படி வைத்துப் பார்த்தேன். குளிர்காலத்தில் இங்கத்து நேரத்தைவிட ஊர் நேரம் நாலரை மணி முன்னால் இருக்கும். அம்மா வாசலில் சூரியன் எட்டிப் பார்க்கும்போது எனக்கு நள்ளிரவு தாண்டி இரண்டு மணி. வீடியோ அழைப்பில் அம்மா பானை பொங்க, இங்கே என் ஸ்டீல் பாத்திரமும் பொங்கியது. பொத்தான் பக்கம் வழியாமல் இருக்க ஒரு துண்டைச் சுருட்டித் தடுப்பு வைத்திருந்தேன். மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். காலையில் எழுந்து, “நேத்து ராத்திரி பொங்கலா?” என்று கேட்டாள். அது அம்மாவின் பொங்கல், நான் வேடிக்கை பார்த்தேன், அவ்வளவுதான் என்று அப்போது தோன்றியது.

மூன்றாவது வருடம் ஊருக்குப் போனபோது ஆச்சியின் வெண்கலப் பானையைக் கேட்டு வாங்கி வந்துவிட்டேன். பெட்டியில் அதைச் சுற்றிச் சேலைகள், அதற்குள்ளே சீரகச் சம்பாவும் மண்டைவெல்லமும். வந்து இறக்கின பிறகுதான் உறைத்தது. காந்தம் ஒட்டாத பாத்திரம் இண்டக்‌ஷன் அடுப்பில் சூடாகாது. வெண்கலத்தில் காந்தம் ஒட்டாது. சரி, வெளியில் தீ மூட்டிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

இந்த நாட்டில் வெளியே தீ மூட்டுவது சாதாரண விஷயம். ஏப்ரல் 15 முதல் செப்டம்பர் 15 வரை காட்டிலும் காட்டை ஒட்டிய இடங்களிலும் தீ மூட்டத் தடை உண்டு, ஜனவரிக்கு அது கிடையாது. பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் கால் வைத்த அகலமான இரும்புத் தீச்சட்டி ஒன்று இருந்தது. கேட்டதும் கொடுத்தார். கூடவே ஒரு மூட்டை பிர்ச் விறகும், மேலே ஒரு கை பிர்ச் பட்டையும். “முதலில் பட்டையைக் கொளுத்து, ஈரமாக இருந்தாலும் பிடிக்கும்” என்றார். கொளுத்திப் பார்த்தேன். பட்டையில் இருக்கும் எண்ணெய்ப் பசையால் சடசடவென்று சுருண்டு எரிந்தது. பனை ஓலை எரியும் அதே சத்தம். அதைக் கேட்டதும்தான் இது நடக்கும் என்ற நம்பிக்கை வந்தது.

நேரத்தை மத்தியானம் பன்னிரண்டுக்குச் சற்று முன்னால் என்று வைத்தேன். அந்த வருடம் தை 1, ஜனவரி 15-இல் வந்தது. வானம் தெளிவாக இருந்தால் அந்த நேரத்தில் தெற்கே மலைகளுக்குப் பின்னால் ஆரஞ்சு நிறம் ஏறும். கிட்டத்தட்ட இரண்டு மாதம் மறைந்திருந்துவிட்டு இங்கே சூரியன் முதலில் தலைகாட்டுவது கிழக்கில் இல்லை, நேர் தெற்கில்தான். அப்படியென்றால் நானும் தெற்கு பார்த்துத்தான் பொங்க வேண்டும்.

அம்மாவிடம் சொன்னதும் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. “ஏளா, தெக்கப் பாத்தா பொங்கல் விடப் போற?” என்றாள். எமன் திசை. எங்கள் வீட்டில் தெற்கு பார்த்து விளக்குகூட ஏற்ற மாட்டார்கள். நான் வாதாடவில்லை. மறுநாள் அம்மாவே கூப்பிட்டாள். “நானும் ராத்திரியெல்லாம் யோசிச்சேன். சூரியன் எங்க வருதோ அங்க பாத்துதான் கும்பிடணும். நாம திசையையா கும்பிடுதோம்?”

இங்கே எனக்கு இன்னொரு துணை ஓர் ஈழத்து அக்கா. 1980-களில் ஈழத்திலிருந்து வந்த பலர் வடகோடியில் ஃபின்மார்க் கடற்கரையின் மீன் தொழிற்சாலைகளில் வேலைக்குச் சேர்ந்தார்கள். பிற்பாடு நிறையப் பேர் ஆஸ்லோ பக்கம் போய்விட்டார்கள், அக்கா வடக்கிலேயே இருந்துவிட்டார். என் குழப்பத்தைச் சொன்னபோது சிரிக்காமல் கேட்டார். “நாங்கள் வந்த புதுசில வெய்யிலைக் காணாமலேதான் பொங்கினனாங்கள், பிள்ளை. அது வரும்தானே. வாறதுக்கு முன்னமே பொங்கி வைக்கிறதில என்ன பிழை?”

முந்தைய நாள் முழுக்கச் சமையல் ஏற்பாடு. எங்கள் பக்கத்துப் பொங்கல் சாப்பாடு என்றால் அது கிழங்குச் சாப்பாடு. சேனை, சேம்பு, பிடிகிழங்கு, சிறுகிழங்கு, பனங்கிழங்கு. சிறுகிழங்கை ஆச்சி சாக்கில் கட்டிக் கல்லில் அடிப்பாள். மண்ணோடு தோலும் உரிந்து, வீடு முழுக்க ஒரு பச்சை மண் வாசனை அடிக்கும். ஆசியக் கடையில் உறைந்த பாக்கெட்டில் ‘கூர்க்கா’ என்று போட்டிருப்பது நம் சிறுகிழங்குதான், மலையாளப் பெயர். ஆனால் உறைந்து இளகியது பொரியலுக்கு நிற்பதில்லை, கொழகொழவென்று ஆகிவிடும். அதைக் குழம்பில் போட்டுவிட்டு, பொரியலுக்கு குல்லோயே என்ற வடக்கு நார்வே உருளைக்கிழங்கை எடுத்தேன். சின்னது, உள்ளே மஞ்சள். பெயருக்குப் பொன்கண் என்று அர்த்தம். முதியோர் இல்லத்தில் தினமும் அதைத்தான் அவிக்கிறோம். தேங்காய் எண்ணெயில் கடுகு, மிளகாய் தாளித்துத் தோலோடு வதக்கினால் சிறுகிழங்கின் அந்த மாவுத்தன்மை கிட்டத்தட்ட வந்துவிடுகிறது. அந்த வாசனை மட்டும் வராது.

அவியலுக்கு வாழைக்காய், கேரட், பச்சை பீன்ஸ், அதோடு கோல்ரூட். மஞ்சளான பெரிய கிழங்கு. வைட்டமின் சி நிறைய இருப்பதால் இதை இங்கே ‘வடக்கின் ஆரஞ்சு’ என்பார்கள். லேசான இனிப்பு, பின்னாலேயே கடுகு போல ஒரு காரம். தேங்காயும் சீரகமும் பச்சை மிளகாயும் அரைத்துத் தயிரோடு சேர்த்தபோது அந்தக் காரம் அடங்கி, அவியலுக்கென்றே பிறந்த காய் போல உட்கார்ந்துகொண்டது. கடைசியில் ஊற்ற வேண்டிய தேங்காய் எண்ணெய் பாட்டிலில் மெழுகாக உறைந்திருந்தது, ஹீட்டர் பக்கத்தில் அரை மணி நேரம் வைக்க வேண்டியிருந்தது. இடிசாம்பாருக்கு மல்லி, மிளகாய், கடலைப்பருப்பு, வெந்தயம், தேங்காய் எல்லாம் வறுத்துக் கல்லுரலில் இடித்தேன். மிக்ஸியில் அரைத்தால் அது வேறு சாம்பார். உப்பில்லாத வெண்ணெயை உருக்கி நெய்யும் ஆயிற்று.

குழம்புக்கும் கறிக்கும் அந்தந்த ஊர்க் காயைப் போடலாம், போடத்தான் வேண்டும் என்பது என் எண்ணம். தாமிரபரணிக் கரையில் விளைந்ததைத்தானே ஆச்சியும் போட்டாள். ஆனால் பானைக்குள் போகும் அரிசியிலும் வெல்லத்திலும் கை வைக்க எனக்கு மனம் வராது. பால் மட்டும் இந்த மண்ணின் பால், 3.5 சதவீதக் கொழுப்புள்ள முழுப்பால்.

அன்று காலை வெளியே மைனஸ் ஒன்பது. அவர் மண்வெட்டியால் பனியை வாரித் தரையின் சரளைக்கல் தெரியும்வரை இடம் செய்து கொடுத்தார். கோலம் போடக் குனிந்தபோதுதான் பார்த்தேன், வெள்ளைப் பனியில் அரிசிமாவு தெரியவே இல்லை. உள்ளே ஓடிப்போய் மஞ்சள்பொடியும் குங்குமமும் எடுத்து வந்தேன். பனியில் மஞ்சள் கோலம் அவ்வளவு அழகாக இருக்கும் என்று நினைத்ததில்லை. மஞ்சள்குலைக்குப் பதிலாகப் பச்சை மஞ்சள் கிழங்கை நூலில் கோத்துப் பானைக் கழுத்தில் கட்டினேன். விளக்கைக் கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்தேன். அக்கா கனமான கோட்டுக்கு மேலே சேலைத் தலைப்பு தெரிய வந்து நின்றார்.

பதினொன்றே காலுக்குத் தீ பிடித்தது. குளிரில் பானை சீக்கிரம் சூடேறவில்லை. விறகு மேல் விறகு வைத்தோம். தெற்கே மலை விளிம்பில் முதலில் ரோஜா நிறம், பிறகு பழுத்த மாம்பழத் தோல் போல ஒரு மஞ்சள். ஊரில் தை பிறந்தால் உத்தராயணம், சூரியன் வடக்கு நோக்கி நடக்கும் என்பார்கள். உண்மையில் அந்தத் திருப்பம் டிசம்பர் 21, 22-லேயே நடந்துவிடுகிறது. ஊரில் எனக்கு அது நாள்காட்டியில் படித்த வார்த்தை. இங்கே வடக்கில் உட்கார்ந்துகொண்டு, அது எங்களை நோக்கி நடந்து வருவதை ஒவ்வொரு நாளும் மலை விளிம்பில் பார்க்கிறேன்.

அம்மா வீடியோவில் இருந்தாள். அங்கே மாலை நாலேகால். பால் ஓரத்தில் நுரை கட்ட ஆரம்பித்ததும், “ஏளா, நான் குலவை போடுதேன், போனை பானைகிட்டக் காட்டு” என்றாள். காட்டினேன். திரை கறுத்துப் போனது. குளிரில் பேட்டரி இறங்கி போன் அணைந்துவிட்டது.

நுரை எழும்பிக்கொண்டிருந்தது. அக்காவின் ஊர்ப் பக்கம் வெடி கொளுத்துவார்களாம், குலவை அவருக்குப் பழக்கமில்லை. அவர் என்னைப் பார்த்தார். நான் குலவை போட்டதே இல்லை. ஆச்சி இருந்தாள், அம்மா இருந்தாள், சித்தி இருந்தாள், என் முறை வந்ததே இல்லை. பால் விளிம்பைத் தாண்டியது. வாய்க்கு முன்னால் கையை வைத்து நாக்கைச் சுழற்றினேன். முதல் சத்தம் பிசிறடித்தது, இரண்டாவது சரியாக வந்தது. மூன்றாவது போடும்போது என் தொண்டையிலிருந்து வந்தது ஆச்சியின் சத்தம். மகள் பனியில் குதித்துக் குதித்து “பொங்கலோ பொங்கல்” என்றாள். பால் தெற்குப் பக்கமாக வழிந்து தீயில் விழுந்தது. உஸ்ஸென்று ஆவி எழும்பியது, தீ அணையவில்லை. குனிந்து இன்னொரு விறகை உள்ளே தள்ளினேன்.

அரிசி போட்டுப் பால்பொங்கலை அங்கேயே இறக்கிவிட்டு, சர்க்கரைப் பொங்கலை உள்ளே வந்து செய்தேன். உறைந்த வாழையிலையை இளக்கி விரித்தோம். வேலியோரம் காகத்துக்கு ஒரு பிடி வைத்தேன். இந்த ஊர்க் காகத்துக்கு உடம்பு சாம்பல் நிறம், தலையும் சிறகும் வாலும் கறுப்பு. அதுவும் வந்து எடுத்தது. பக்கத்து வீட்டுப் பெரியவர் அவியலில் ஒரு துண்டை எடுத்து நிதானமாக மென்றுவிட்டு, “இது கோல்ரூட்தானே?” என்றார். ஆமாம் என்றேன். இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்.

போன் உயிர் பெற்றதும் அம்மாவிடமிருந்து பதினொரு தவறிய அழைப்புகள். எடுத்ததும் வேறு எதுவும் கேட்கவில்லை.

“பால் பொங்கிட்டா?”

“பொங்கிட்டும்மா.”

“குலவை யார் போட்டா?”

நான்தான் என்றேன். எங்கே, போட்டுக் காட்டு என்றாள். சமையற்கட்டில் நின்று போட்டேன். அம்மாவும் அங்கிருந்து சேர்ந்துகொண்டாள்.

மிஞ்சிய குழம்பையும் கறிகளையும் ஒன்றாகப் போட்டு மறுநாள் சுண்டக்கறி வைத்துப் பழைய சோற்றோடு சாப்பிட்டோம். 21-ஆம் தேதிக்காக மகளின் மழலையர் பள்ளியில் எல்லோரும் மஞ்சள் சூரியன் வரைந்தார்கள், ஜாம் வைத்த சூரிய பன் சாப்பிட்டார்கள். அன்று மேகம். இரண்டு நாள் கழித்து, மத்தியானம், மலைக்கு மேலே விளிம்பு மட்டும் நாலு நிமிடம் தெரிந்தது. சமையற்கட்டுச் சுவரில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு வெளிச்சம் விழுந்தது. மகள் அதன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

அக்கா தன் பானையைத் தேய்த்து எடுத்து வைத்திருக்கிறாராம். அடுத்த தைக்கு அவருடைய சிவப்புப் பச்சரிசியும் பயறும் போட்டு, ஒரே தீயில் இரண்டு பானை. பெரியவரிடம் இப்போதே சொல்லிவிட்டேன், இன்னும் அகலமான சட்டி வேண்டும் என்று.