ஜப்பான் வீட்டில் தங்கப் போகும் தங்கச்சிக்கு

என் சித்தியின் மகள் ஜப்பானுக்குப் படிக்கப் போகிறாள், அங்கே ஒரு குடும்பத்தோடுதான் தங்கப் போகிறாள். நானும் அப்படித் தங்கியவள் என்பதால் மட்டக்களப்பு கல்லடியில் இருந்து இதை அவளுக்காக எழுதுகிறேன்.

முதலில் குளியல். நாங்கள் கிணற்றடியில் அள்ளி ஊற்றிக் குளித்துப் பழகியவர்கள். அங்கே தொட்டிக்கு வெளியே சின்ன முக்காலியில் இருந்து, சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிய பிறகுதான் சுடுதண்ணீரில் இறங்க வேண்டும். அதே தண்ணீரில்தான் வீட்டார் ஒருவர் பின் ஒருவராக இறங்குவார்கள். ஆகவே தண்ணீரைத் திறந்து விடாதே, மூடியைப் போட்டுவிட்டு வா. நான் இருந்த வீட்டு அம்மா, விருந்தாளி என்று என்னைத்தான் முதலில் இறங்கச் சொல்லுவார். அந்த மரியாதையை என்னால் மறக்கவே முடியாது.

சாப்பாட்டுக்குப் பயமில்லை, சோறு கிடைக்கும். ஒட்டுகிற சோறு, குச்சியால் எடுக்கச் சுகம். குச்சியைச் சோற்றில் குத்தி மட்டும் வைக்காதே. செத்தவர்களுக்குப் படைக்கும்போதுதான் அப்படி வைப்பார்கள். மிளகாய்த்தூள் கட்டாயம் கொண்டு போ. நான் தேங்காய்ப்பால் விட்டு இறால் கறி வைத்த அன்று, வீட்டு அப்பா வியர்க்க வியர்க்க இன்னும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அப்புறம், சித்தியிடம் சொல்லி வை: அங்கே மூன்றரை மணித்தியாலம் முந்தி. இங்கே இரவு 9 மணிக்குக் கோல் எடுத்தால் உனக்கு 12:30. பின்னேரம் 5 மணிக்கு எடுக்கச் சொல்லு.