பாரிஸ் மெட்ரோவும் மாமாவின் பட்டாபட்டி டிராயரும்

2013 ஏப்ரலில் ஒருநாள் பாரிஸின் லூவர் அருங்காட்சியகம் திறக்கவே இல்லை. காரணம் பிக்பாக்கெட். பதினெட்டு வயதுக்குக் கீழே இருந்தால் அங்கே நுழைவுக் கட்டணம் கிடையாது என்பதால் சிறுவர் கும்பல்கள் ஹாயாக உள்ளே வந்து பார்வையாளர்களின் பைகளில் கைவிட்டிருக்கிறார்கள். தடுக்கப் போன ஊழியர்களுக்கே அடி, மிரட்டல். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவர்கள் ஒருநாள் மொத்தமாக வெளியே வந்துவிட்டார்கள். 2015 மே மாதம் ஈஃபில் கோபுரத்திலும் இதே காரணத்துக்காக ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். டிக்கெட் வாங்கக் காத்திருந்த கூட்டம் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பியது.

இந்த இரண்டு செய்திகளையும் படித்துவிட்டுத்தான் நாங்கள் கிளம்பினோம். நான், மனைவி, மாமனார். "பாஸ்போர்ட்டை உள்ளாடையில் தைத்துக்கொள்" என்று தொடங்கி வாட்ஸ்அப்பில் வந்த அறிவுரைகளைத் தொகுத்தால் ஒரு சிறு நூல் ஆகும். மாமா மட்டும் அசரவில்லை. "அழகர் ஆத்துல எறங்குற கூட்டத்துல நின்னவன்யா நான். இவனுங்க என்ன பெருசா கிழிச்சிரப் போறானுங்க?" என்றார். மதுரைக்காரர்.

ஆனால் அவர் செய்திருந்த ஏற்பாட்டை விமானத்தில்தான் சொன்னார். பட்டாபட்டி டிராயர் இரண்டை வழக்கமான டெய்லரிடம் கொடுத்து, உள்பக்கம் ஜிப் வைத்த பாக்கெட் தைத்து வாங்கியிருக்கிறார். யூரோவில் முக்கால்வாசி அதற்குள். நான் ஆன்லைனில் வாங்கிய இடுப்புப் பை சட்டைக்கு மேல் புடைத்துக்கொண்டு, உள்ளே பணம் இருக்கிறது என்று ஊருக்கே அறிவித்தது. மாமாவின் பாக்கெட் இருக்கும் இடம் யாருக்கும் தெரியாது. அதற்கு அவர் வைத்திருந்த சட்டமும் சரியானது: கழிப்பறையைத் தவிர வேறெங்கும் அதைத் திறக்கக் கூடாது. அன்றைய செலவுக்கு முப்பது, நாற்பது யூரோ மட்டும் பேன்ட்டின் முன் பாக்கெட்டில். இடுப்புப் பை கட்டுகிற பலர் கோட்டைவிடுவது இங்கேதான். ஐஸ்க்ரீம் வாங்க நடுத்தெருவில் சட்டையைத் தூக்கிக் கத்தையை எடுத்துவிட்டால் பிறகு அந்தப் பை எதற்கு?

மனைவியின் ஆயுதம் ஊக்கு. தாலிக்கொடியில் எப்போதும் நாலைந்து தொங்குமே, அதில் இரண்டு தோள்பைக்குப் போயின. பையின் இரண்டு ஜிப் முனைகளையும் சேர்த்து ஒரு ஊக்குப் போட்டுவிட்டால் கத்தரிக்காமல் திறக்க முடியாது. நமக்கும் திறக்கக் கொஞ்ச நேரமாகும் என்பது உண்மைதான். திருடனுக்கு அந்தக் கொஞ்ச நேரம் ரொம்ப ஜாஸ்தி. கனமான செயினை ஊரிலேயே லாக்கரில் வைத்துவிட்டு மஞ்சள் கயிற்றோடு வந்தாள். அதற்கு மாமியாரிடம் அனுமதி வாங்கியது தனிக் கதை.

இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்குப் பர்ஸைவிட போன் போவதுதான் பெரிய அடி. வங்கியின் ஓடிபி வருவது நம் ஊர் நம்பருக்கு. அந்த சிம் இருக்கிற போன் பறிபோனால் கார்டு கையில் இருந்தும் பல வேலைகள் நடக்காது. ஈஃபில் கோபுர டிக்கெட்டுக்கு 2024 பிப்ரவரியிலிருந்து யுபிஐ வந்துவிட்டது என்று பெருமையாகப் பேசுகிறோம், அந்த யுபிஐ இருப்பதும் அதே போனில்தானே? அதனால் ஊர் சிம்மை ஒரு பழைய போனில் போட்டு ஓட்டல் அறை லாக்கரில் வைத்துவிட்டோம். கையில் எடுத்துப் போன போனில் ஐரோப்பாவுக்கான இ-சிம். வங்கிச் செயலிகள் அதில் கிடையாது. யூரோ ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டு இரண்டு வாங்கி என்னிடம் ஒன்று, மனைவியிடம் ஒன்று. பாஸ்போர்ட்டும் லாக்கரில். வெளியே எடுத்துப் போனது நகல். பெரிய கடைகளில் வரி திரும்பப் பெற பாஸ்போர்ட் கேட்பார்கள் என்பதால் ஷாப்பிங் போன அன்று மட்டும் அது மாமாவின் டிராயருக்குள் பயணம் செய்தது.

ஆனால் எங்களுக்கு உண்மையில் கண் திறந்தது லா ஷாப்பெல்லில். கார் து நோர் ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம். ஃபோபூர் சாந்தெனி தெருவுக்குள் நுழைந்தால் பலகைகள் தமிழுக்கு மாறிவிடும். புடவைக்கடை, நகைக்கடை, மரக்கறிக்கடை, கொத்துரொட்டி தட்டுகிற சத்தம். ஈழத்திலிருந்து போரின்போது வந்தவர்கள் எழுப்பிய தெரு. பக்கத்திலேயே பஜோல் தெருவில் மாணிக்க விநாயகர் ஆலயம். அங்கே கும்பிட்டு, விபூதி வாங்கிப் பொட்டலம் கட்டிக்கொண்டு, மாமா சாப்பாட்டுக்கடை தேடினார்.

கடைக்கார அண்ணன் எங்களைப் பார்த்ததும் முதலில் கேட்டது சாப்பாட்டைப் பற்றியல்ல. "தம்பி, அந்தப் பையை முன்னுக்குப் போடுங்கோ. உங்கடை ஆக்களைத் தூரத்திலையே தெரியும். கையிலை போன், முதுகிலை பை, மேலை பாத்துக்கொண்டு நடப்பினம்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. இடியப்பத்தை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்துகொண்டார்.

"மெட்ரோவிலை கதவடியிலை இருக்காதேங்கோ. கதவு பூட்டுற மணி அடிக்கேக்கைதான் போனைப் பறிச்சுக்கொண்டு இறங்குவாங்கள். பிறகு நீங்கள் உள்ளை, அவன் வெளியிலை. என்ன செய்யப் போறியள்?"

மாமாவுக்கு ஆர்வம் வந்துவிட்டது. "அதான் ஸ்பீக்கர்லயே சொல்றாங்களே, ஜாக்கிரதைன்னு?"

"அதிலைதான் விசயமே இருக்கு ஐயா. கள்ளர் கவனம் எண்டு சொன்ன உடனை எல்லாரும் தங்கடை பொக்கற்றைத் தொட்டுப் பாப்பினம். காசு எங்கை இருக்கெண்டு அவங்களுக்கு நீங்களே காட்டிக் குடுத்தாச்சு. நீங்கள் தொடாதேங்கோ."

மாமாவின் கை அந்த நேரம் அனிச்சையாக இடுப்புக்குப் போய்ப் பாதியில் நின்றது.

அதன் பிறகு மெட்ரோவில் நான் வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்தேன். கதவை ஒட்டி மடக்கு இருக்கைகள் இருக்கின்றன, பயணிகள் அதில் உட்கார்ந்து போனில் மூழ்கியிருப்பார்கள். ஒவ்வொரு நிலையத்திலும் மணி அடித்துக் கதவு மூடும் முன் ஒரு நொடி இருக்கிறது. உள்ளூர்க்காரர்களைக் கவனித்தால் தெரியும், அந்த நொடியில் பலர் போனை நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறார்கள். வண்டி கிளம்பியதும் மறுபடி படிக்கிறார்கள். பழகிப்போய்விட்டது. நாள் முழுக்கப் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு திரிந்தால் பாரிஸைப் பார்த்த மாதிரி இருக்காது. இந்த நொடிகளில் மட்டும் உஷாராக இருந்தால் மற்ற நேரம் நிம்மதியாகச் சுற்றலாம் என்பது என் கணக்கு.

அந்தக் கணக்கு ஷாத்லே நிலையத்தில் சோதனைக்கு வந்தது. மாலை நெரிசல். ரயிலில் ஏறும்போது மாமாவுக்கு முன்னால் போன பெண், பழுப்புக் கோட்டு, கையில் ஏதோ அருங்காட்சியகக் கையேடு, கதவு வாசலில் சட்டென்று நின்றாள். இந்த வண்டிதானா என்று சந்தேகம் வந்தவள்போல மேலே பெயர்ப்பலகையைப் பார்த்தாள். பின்னால் வந்தவர்கள் மாமாமேல் முட்டினார்கள். அதில் ஒரு பையன் முன்கையின் மேல் ஒரு ஜாக்கெட்டை மடித்துப் போட்டிருந்தான். எனக்குத் தெரிந்தது அந்த ஜாக்கெட்தான். அதற்கு அடியில் அவன் விரல்கள் என்ன செய்கின்றன என்பது தெரியவில்லை. "மாமா, உள்ள போங்க!" என்று கத்தி அவரைத் தள்ளினேன். மணி அடித்தது. அந்தப் பெண்ணும் பையனும் ஏறவே இல்லை. கதவு மூடியபோது இரண்டு பேரும் பிளாட்ஃபாரத்தில் ஒன்றாக நடந்துபோய்க்கொண்டிருந்தார்கள். பார்வைக்கு எங்களைப்போலவே சுற்றுலா வந்தவர்கள்தான்.

மாமா மெல்ல ஜாக்கெட்டின் வெளிப் பாக்கெட்டைத் தடவினார். ஜிப் திறந்திருந்தது. உள்ளே இருந்த ஒரே பொருள், மாணிக்க விநாயகர் விபூதிப் பொட்டலம், போயே போய்விட்டது.

"பூசிக்கிட்டும். புத்தி வரட்டும்" என்றார்.

குளிருக்குப் போடுகிற தடிமனான ஜாக்கெட் இருக்கிறதே, அதன் வெளிப் பாக்கெட்டில் யானை நுழைந்தாலும் உடம்புக்குத் தெரியாது. அதில் கைக்குட்டை, மிட்டாய், விபூதி தவிர வேறொன்றும் வைக்கக் கூடாது. ஒருவர் வழி மறிப்பது, ஒருவர் எடுப்பது, எடுத்ததை உடனே மூன்றாவது ஆளிடம் கைமாற்றுவது என்பதுதான் இவர்கள் வேலை செய்யும் முறை. கையும் களவுமாகப் பிடித்தாலும் பிடிபட்டவனிடம் பொருள் இருக்காது.

தெருவில் நடப்பது வேறு வகை, அங்கே நம்மைப் பேச்சில் இழுப்பார்கள். ஈஃபில் கோபுரத்துக்கும் எதிரே ஆற்றுக்கு அப்பாலிருக்கும் த்ரொக்கதேரோ சதுக்கத்துக்கும் நடுவே இருக்கும் பாலத்தில் ஒரு துணியை விரித்து மூன்று கோப்பை விளையாட்டு. பந்து எந்தக் கோப்பையில் என்று சொன்னால் ஐம்பது யூரோ. ஜெயித்துக் குதிப்பவர் அவர்கள் ஆள். தோற்பவரிலும் பாதிப் பேர் அவர்கள் ஆட்கள். ஆடாமல் வேடிக்கை பார்ப்பவர்களின் முதுகுப்பைக்குப் பின்னால் வேறு சிலர் நிற்கிறார்கள். எங்கிருந்தோ ஒரு சீழ்க்கை வந்தது. போலீஸ். துணி, கோப்பை, ஜெயித்தவர், தோற்றவர் எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் மாயம். சுற்றுலாப் பயணிகள் மட்டும் வட்டமாக நின்று வெறும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சக்ரே கேர் தேவாலயப் படிக்கட்டுக்குக் கீழே வண்ண நூலோடு நிற்பவர்கள் சிரித்துக்கொண்டே விரலில் கயிறு கட்ட ஆரம்பிப்பார்கள். கட்டி முடித்ததும் இருபது யூரோ. கை அவர்களிடம் மாட்டியிருக்கும்போது பையைக் கவனிக்க யார் இருக்கிறார்கள்? இரண்டு கையையும் ஜாக்கெட்டில் விட்டுக்கொண்டு நிற்காமல் நடந்தால் தொல்லை இல்லை, அல்லது பக்கத்தில் மெட்ரோ டிக்கெட்டிலேயே மேலே ஏற்றிவிடும் இழுவை ரயில் இருக்கிறது. காது கேளாதவர்களுக்கு என்று சொல்லிக் கையெழுத்துக் கேட்டு அட்டையோடு வருபவர்கள் இன்னும் கெட்டிக்காரர்கள். ஒரு காபிக்கடை வாசலில் பார்த்தேன்: பக்கத்து மேசையில் கிடந்த போனின் மேல் அந்த அட்டையை வைத்து ஒரு பெண் சைகையில் கெஞ்சிக்கொண்டிருந்தாள். பரிமாறுபவர் ஓடிவந்து அட்டையை உதறித் தள்ளினார். அட்டை நகர்ந்தபோது போன் மேசை விளிம்புக்கு வந்திருந்தது. போனுக்குச் சொந்தக்காரர், பாவம், அந்தப் பெண்ணுக்காகப் பேனா தேடிக்கொண்டிருந்தார்.

டிக்கெட் இயந்திரத்துக்குப் பக்கத்தில் தானாக உதவ வருபவர்களும் உண்டு, கார் து நோரில் குறிப்பாக. "மெர்சி" என்று நன்றி சொல்லிவிட்டு கவுன்ட்டருக்குப் போய்விடுங்கள்.

லூவரில் மோனாலிசா இருக்கும் அறைக்குத் தனிப் பத்தி தர வேண்டும். 77 சென்டிமீட்டர் உயரமே உள்ள ஓவியம், முன்னால் கடல்போலக் கூட்டம். எல்லோரும் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிப் படம் எடுக்கிறார்கள். கை மேலே போனால் ஜாக்கெட் விரியும், பாக்கெட் தொங்கும், கண் திரையில் இருக்கும். திருடனுக்கு இதைவிட வசதியாக ஓர் இடத்தை யாராலும் கட்டித்தர முடியாது. நாங்கள் முறை போட்டுக்கொண்டோம்: ஒருவர் படம் எடுக்க, இருவர் பின்னால் காவல். அங்கே இருந்த பாதுகாப்பைப் பார்த்து மாமா அசந்துபோனார். அதே லூவரில் 2025 அக்டோபரில் பட்டப்பகலில் லாரி ஏணி வைத்து ஏறி அரச நகைகளையே அள்ளிப் போனார்கள் என்ற செய்தி வந்தபோது மதுரையிலிருந்து உடனே போன் போட்டார். "மாப்ளே, பட்டாபட்டியில வச்சிருந்தா போயிருக்குமா?"

இவ்வளவுக்குப் பிறகும் பறிபோனால் என்ன செய்வது என்பதை அங்கே போய்த் தேடாதீர்கள், இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். துரத்திக்கொண்டு ஓட வேண்டாம். கார்டை முடக்குவது முதல் வேலை. வங்கியின் வெளிநாட்டு உதவி எண் போனில் மட்டும் இருந்தால் பிரயோஜனமில்லை, காகிதத்தில் வேண்டும். அடுத்து ஊர் சிம்மை முடக்குவது. போனின் ஐஎம்இஐ என்கிற அடையாள எண்ணைக் கிளம்பும் முன்பே குறித்து வைத்திருந்தால் புகாரில் சேர்க்கலாம். போலீஸ் எண் 17, ஐரோப்பா முழுவதற்கும் 112. அருகிலுள்ள காவல் நிலையத்தில் புகார் கொடுத்து அதற்கான ரசீதை வாங்காமல் வரக் கூடாது, பயணக் காப்பீட்டுக்காரர்கள் முதலில் கேட்பது அதைத்தான். பாஸ்போர்ட் போயிருந்தால் அதே ரசீதோடு பாரிஸ் பதினாறாம் வட்டாரத்தில் இருக்கும் இந்தியத் தூதரகம். அவசரத்துக்கு அவர்கள் தருகிற சான்றிதழில் இந்தியாவுக்குத் திரும்பலாம், அவ்வளவுதான். பிரான்ஸ், சுவிட்சர்லாந்து போன்ற ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா பழைய பாஸ்போர்ட்டோடு போயாச்சு, அதனால் அடுத்து சுவிட்சர்லாந்துக்கு டிக்கெட் எடுத்து வைத்திருந்தால் ரத்து செய்துவிடுங்கள்.