விரல் மூட்டு மெத்தையில் படும்வரை

மட்டக்களப்பில் வடகீழ்ப் பருவமழை பெய்து வாவி நிரம்பும் மாதங்களில் எங்கள் வைத்தியசாலை விடுதியில் டெங்கு நோயாளர்கள் கூடிவிடுவார்கள். பொது மருத்துவத்தில் சிறப்புப் பயிற்சி பெறும் வைத்தியர்களான பதிவாளர்களுக்குக் கட்டிலருகில் ஒலியலை ஸ்கேன் செய்யக் கற்றுக்கொடுக்க அந்தக் காலத்தையே நான் பெரிதும் பயன்படுத்துகிறேன். குருதிக் குழாய்களிலிருந்து திரவம் கசியும் 24 முதல் 48 மணித்தியாலக் கட்டம் எப்போது தொடங்கியது என்பதை வைத்தே திரவக் கணக்கைப் போடுகிறோம். 50 கிலோ எடையுள்ளவருக்கு அக்கட்டம் முழுவதற்கும் வாய்வழியும் நாளவழியும் சேர்த்து 4600 மில்லிலீற்றர். கசிவின் அடையாளமாக வலப்பக்க நெஞ்சறையில் சேரும் மெல்லிய நீர்ப்படலத்தைத் தவறவிட்டால் இந்தக் கணக்கின் தொடக்கமே பிழைத்துவிடும்.

சில வருடங்களுக்கு முன் ஓர் இளம் மீனவரைப் பார்த்த பதிவாளர் “நீர் இல்லை” என்று எழுதியிருந்தார். சில நிமிடங்களில் நான் அதே இடத்தில் ஸ்கேன் கருவியின் புரோபை வைத்தபோது எனக்கும் நீர் தெரியவில்லை. கையைப் பின்னால் நகர்த்தியதும் தெரிந்தது. மல்லாந்து படுத்திருப்பவரின் நெஞ்சில் நீர் முதுகுப்புறமாகத் தேங்கும் என்பதால், பிடித்திருக்கும் கையின் விரல் மூட்டு மெத்தையில் படும்வரை பின்னே போக வேண்டும். தெளிவான படங்களைத் திரையில் காட்டிப் பாடம் நடத்திய நான், கை எங்கே நிற்க வேண்டும் என்பதைச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. அந்தத் தவறு என்னுடையது.

அதன் பின் கற்பிக்கும் முறையை மாற்றினேன். ஈரல், சிறுநீரகம், நெஞ்சறையையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான பிரிமென்றகடு, முள்ளந்தண்டு ஆகிய நான்கையும் காட்டிய பிறகே நீரைப் பற்றிப் பேசலாம். காற்று நிறைந்த நுரையீரலுக்குள் ஒலியலை ஊடுருவாது. அதனால் முள்ளந்தண்டின் கோடு பிரிமென்றகட்டோடு மறைந்துவிடும். அங்கே நீர் இருந்தால் அந்தக் கோடு நெஞ்சுக்குள்ளும் தொடரும். தெற்கிலிருந்து வரும் பதிவாளர்கள் இங்கே முதலில் கற்கும் தமிழ் வாக்கியம் “மூச்ச இழுத்துப் புடிங்க” என்பதாகத்தான் இருக்கும். நோயாளி அப்படிச் செய்ததும் ஈரல் கீழிறங்கிப் படம் துலங்குவதைக் கண்டு அவர்கள் மகிழ்வதைப் பார்க்க எனக்கு இன்றும் ஆசை.

கையைப் பழக்குவதைவிடக் கடினமானது, “பார்க்க முடியவில்லை” என்று எழுதப் பழக்குவது. பரீட்சைகளிலேயே வளர்ந்த நல்ல மாணவர்களுக்கு அது தோல்வியாகத் தோன்றுகிறது; ஆகவே “இல்லை” என்று எழுதிவிடுகிறார்கள். பார்த்து இல்லையென்பதும் பாராமல் இல்லையென்பதும் குறிப்பேட்டில் ஒரே சொல்லாகிவிடுவதை நான் அனுமதிப்பதில்லை.

கடந்த மார்கழியில் ஒருநாள் நள்ளிரவில் ஒரு பதிவாளர் அழைத்தார். “சேர், வலப்பக்கம் முள்ளந்தண்டு வரைக்கும் பார்த்தேன், நீர் இல்லை. இடப்பக்கம் இரைப்பைக் காற்று மறைக்குது, பார்க்க முடியவில்லை. நாலு மணித்தியாலத்தில் திரும்பப் பார்க்கிறேன்” என்றார். விடியுமுன் அவர் எடுத்த இரண்டாவது படத்தில் வலப்பக்கத்தில் நீர் தெரிந்தது. முதற் படத்தை நம்ப முடிந்ததால், அந்த நான்கு மணித்தியாலத்துக்குள் கசிவு தெரியத் தொடங்கியதென்று கொண்டு, திரவக் கணக்கை அங்கிருந்தே எழுதினோம்.