ஒன்றரைக் கட்டையில் டூம் மெட்டல்: குழலும் கிட்டாரும்

பிளட் செரிமனி 2006இல் கனடாவின் டொரொன்டோவில் தோன்றிய, டூம் மெட்டல் என்ற மெதுவான, கனத்த ராக் வகையைச் சார்ந்த குழு. 1970ஐ ஒட்டிய மாந்திரீகச் சாயல் ராக் இசையையும் பிளாக் சபத் என்ற ஆங்கிலேய ராக் குழுவின் வழிவந்த கனத்த கிட்டாரையும் இணைக்கும் அக்குழுவில், பாடகி அலியா ஓ'பிரையன் புல்லாங்குழலும் ஆர்கனும் வாசிக்கிறார். நுவரெலியாவில் என்னிடம் கிட்டாரும், கர்நாடக இசை பயின்ற நண்பரிடம் மூங்கில் குழலும் இருந்ததால், அப்பாணியில் சொந்தமாக ஒரு மெட்டை அமைக்கத் தொடங்கினோம்.

தொழிற்சாலை விபத்தில் வலக்கை விரல் நுனிகளை இழந்த பிளாக் சபத்தின் கிட்டார் கலைஞர் டோனி அயோமி, 1971இல் வெளிவந்த அக்குழுவின் மூன்றாவது தொகுப்பில் கிட்டாரை மூன்று அரைச்சுரங்கள் (அரைச்சுரம் என்பது அடுத்தடுத்த இரு சுரத்தானங்களின் இடைவெளி) இறக்கி வாசித்தார். தளர்ந்த தந்தி விரலுக்கு இதம். அவ்வாறு இறக்கும்போது தந்தியின் இழுவிசை ஏறத்தாழ 30 சதவீதம் குறைவதால், ஒன்பதாம் எண் தந்திகளைக் கழற்றி, அவற்றைவிடத் தடித்த பதினோராம் எண்ணை மாட்டினேன், இறுக்கம் மீண்டது. இறக்கிய சுருதி கர்நாடக இசையில் ஒன்றரைக் கட்டை (மேற்கத்திய C#) என்பதால் நண்பரின் குழலும் பொருந்தியது. ஆனால் எங்கள் ஊர்க் குளிர் பொருந்த விடுவதில்லை: வெப்பநிலை ஒரு பாகை குறைந்தால் குழலின் சுருதி அரைச்சுரத்தில் நூற்றுக்கு மூன்று பங்கு இறங்குகிறது, தந்தியோ சுருங்கி ஏறுகிறது. ஆகவே குழலை ஊதிச் சூடேற்றிய பிறகே கிட்டாரைச் சுருதி சேர்க்கிறோம்.

அதிக நேரம் எடுத்தது பிரதி மத்திமம்தான். ஷட்ஜத்திலிருந்து ஆறு அரைச்சுரத் தொலைவிலுள்ள அச்சுரமே பிளாக் சபத்தின் முதல் தொகுப்பு (1970) தொடங்கும் பாடலில் அச்சத்தை எழுப்புகிறது; கல்யாணி ராகத்திலோ அதே சுரம் மங்களமாக ஒலிக்கிறது. நண்பர் பழக்கத்தால் கமகம் (சுரத்தை அசைத்து வாசிப்பது) சேர்த்துப் பஞ்சமத்தில் போய் நின்றபோதெல்லாம், எங்கள் மெட்டு கச்சேரி மேடைக்குப் போய்விட்டது (கேட்க இனிமையாகவே இருந்தது என்பது வேறு விடயம்). பஞ்சமம், கிட்டாரில் ஷட்ஜத்தோடு சேர்த்து மீட்டும் பவர் கார்டு என்ற கூட்டொலியிலேயே ஒலிப்பதால், குழல் அதைத் தொடாமல் மத்திமத்தை அசைக்காது நீட்ட, இரண்டும் அரைச்சுர இடைவெளியில் உரசுகின்றன. சுத்த ரிஷபத்தின் வழியாக ஷட்ஜத்துக்கு இறங்கும்போது இருள் முழுமையாகிறது.

நிமிடத்துக்கு 60 தாள அடி என்ற மெதுவான வேகத்தில், ஒவ்வொரு கார்டும் தானாக அடங்கும்வரை காத்திருக்கிறோம். கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் ஃபஸ் பெடலின் அளவைப் பாதியாகக் குறைத்ததும் குழல் தெளிவாகக் கேட்டது, கனம் குறையவில்லை. ஆர்கன் பகுதி இன்னும் எழுதப்படவில்லை. அதற்குத் தேவாலய ஆர்மோனியம் ஒன்றை இரவல் கேட்டிருக்கிறோம். எதற்கு என்பதை மட்டும் விரிவாகச் சொல்லவில்லை.